வண்டியின் எடையும் நாட்டின் சுமையும்
(ஆண்டு விழாச் சொற்பொழிவு)



மோட்டார் வண்டியின் எடையைக் குறைத்தல் பற்றிச் சில கருத்துக்களைக் கூற விழைகின்றேன். வண்டி வாங்குவோர் அதன் விலையைக் கேட்பர். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்பர். எடையைக் கேட்பார் அரியர். ஆயினும் எடை பத்தில் ஒரு பங்கு குறையுமாயின், எரிபொருளில் நூற்றுக்கு 6 முதல் 8 வரை மிச்சமாகும் என்பது பொறியியலார் கணக்கு.

இதனை எண்ணியே எஃகின் இடத்தில் புதிய பொருள்கள் புகுந்தன. அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் தன் எஃப்-150 பிக்கப் வண்டிக்கு 2015 ஆம் ஆண்டு மாதிரியில் அலுமினிய உடல் அமைத்து, ஏறத்தாழ 300 கிலோ வரை எடையைக் குறைத்தது. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2013 இல் வெளியிட்ட ஐ3 வண்டியின் கூண்டைக் கார்பன் இழையால் ஆக்கியது.

இவை போற்றத்தக்க முயற்சிகளே. எனினும், வண்டியிலிருந்து இறக்கிய சுமை எங்கே ஏறியது என்று நாம் கேட்டல் வேண்டும்.

ஒரு கிலோ அலுமினியத்தைப் பிரித்தெடுக்க ஏறத்தாழ 14 யூனிட் மின்சாரம் தேவை. ஒடிசாவின் அங்குல் போன்ற இடங்களில் அம்மின்சாரம் நிலக்கரியால் பிறக்கின்றது. ஆகவே அவ்வாறு பெறும் ஒரு கிலோ அலுமினியத்தின் பின்னே ஏறக்குறைய 16 கிலோ கரியமில வாயு நிற்கின்றது. எஃகின் பின்னே இரண்டரை கிலோ அளவே. பாக்சைட்டுக்காக மலைகளும் வெட்டப்படுகின்றன. ஏற்காடும் கொல்லிமலையும் பாக்சைட் தந்த மலைகள் என்பதை நம்மிடையே உள்ள சேலத்து அன்பர்கள் அறிவர். 2013 இல் ஒடிசாவின் நியமகிரியில் 12 கிராம சபைகள் கூடி, தம் மலையில் சுரங்கம் வேண்டா எனத் தீர்மானித்தன.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஆயிரம் கிலோ எடையுள்ள காரில் 200 கிலோ எஃகை நீக்கி, 120 கிலோ அலுமினியம் வைப்பதாகக் கொள்வோம். உற்பத்தியில் மிகும் கரியமில வாயு ஏறத்தாழ 1,400 கிலோ. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் வீதம் ஆண்டிற்குப் பதினாயிரம் கிலோமீட்டர் ஓடும் அந்தக் கார் மிச்சப்படுத்தும் பெட்ரோல் சுமார் 33 லிட்டர். அதனால் குறையும் வாயு 76 கிலோ. கடன் தீரப் பதினெட்டு ஆண்டுகள் செல்லும்! அலுமினியத்தின் விலையும் எஃகைப் போல் மும்மடங்கிற்கு மேற்பட்டது. அதே மாற்றம் ஆண்டிற்கு ஐம்பதினாயிரம் கிலோமீட்டர் ஓடும் வாடகைக் காரில் நான்கு ஆண்டிற்குள் கடனைத் தீர்த்துவிடும்.

பழைய அலுமினியத்தை மீண்டும் உருக்கினாலோ, புதிதாக எடுக்கும் ஆற்றலில் இருபதில் ஒரு பங்கே போதும். முதல் நாளிலிருந்தே இலாபந்தான். கார்பன் இழைக்கு அவ்வெளிமை இல்லை. பிசினோடு இறுகிய இழையைப் பிரித்தெடுப்பது கடினம்.

ஆதலின் நம் நாட்டிற்குரிய வழி தெளிவு. மிகுதியாக ஓடும் பேருந்துக்கும் வாடகைக் காருக்கும் இலேசான உலோகம் தருக. சொந்தக் கார்களுக்கு, மெல்லிய தகடாயினும் வலிமை குன்றாத உயர்வலு எஃகு ஏற்றது. 2021 இல் அரசு அறிவித்த பழைய வண்டிக் கழிவுத் திட்டத்தில், அலுமினியத்தை வகை பிரித்துக் காத்தல் வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாய் உருக்கினால் நல்ல தகடு மீளாது.

இறுதியாக ஒன்று. எடையைக் குறைக்கச் செலவே இல்லாத வழியும் உண்டு; தேவைக்கு மேற்பட்ட பெரிய வண்டியை விரும்பாமையே அது. நால்வர் செல்ல இரண்டு டன் இரும்பைப் பெருமைக்காக இழுத்துச் செல்வோமாயின், எந்தப் புதிய உலோகமும் நம்மைக் காவாது. அறிவியல் தரும் இலேசு, நம் ஆசையின் பாரத்தால் அழியாதிருப்பதாக!