பிறர்க்கு ஆறுதல் சொல்வோர்க்கு ஆறுதல் யார்?

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவதே வழக்கம். அதனை எடுத்துரைக்க எனக்கு முன்னும் பின்னும் அறிஞர் பலர் இருக்கின்றனர். ஆகவே நான், கற்று முடித்து வேலைக்குச் சென்று பிறர் துயரைத் தம் தோளில் சுமக்கும் நம் பிள்ளைகளைப் பற்றிப் பேச விரும்புகிறேன். இச்சங்கத்தின் உதவியால் படித்தவர்களுள் செவிலியர் உண்டு. சமூகப் பணியாளர் உண்டு. உளவியல் கற்று மனநல ஆலோசகர் ஆனவரும் உண்டு. ஊரார் கவலையைக் கேட்கும் இவர்களுடைய கவலையைக் கேட்பவர் யார்? இதுவே என் கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவி ஒருவர் என்னைக் காண வந்தார். அவருடைய தெருவில் முதன்முதலாகச் செவிலியர் படிப்பை முடித்தவர் அவர்; மனநோய் மருத்துவமனை ஒன்றில் பணியாற்றி வந்தார். அவருடைய இசைவோடுதான், பெயர் சொல்லாமல், இதனைக் கூறுகிறேன். “ஐயா, நோயாளி என் எதிரில் உட்கார்ந்து அழுகிறார். எனக்கு இரக்கம் வரவில்லை, கடிகாரத்தைத்தான் பார்க்கிறேன். நான் கல் நெஞ்சக்காரி ஆகிவிட்டேனா?” என்று கேட்டார். விடுப்பு எடுத்து ஓய்வு கொள்ளலாமே என்றேன். “விடுப்புக் கேட்டால், சலுகையில் வந்தவர்கள் இப்படித்தான் என்பார்கள் ஐயா” என்றார்.

அன்று நான் சொன்ன பதிலை எண்ணி இன்றும் வருந்துகிறேன். “அம்மா, உன்னைப் பார்த்துத்தான் நம் தெருப் பிள்ளைகள் படிக்கிறார்கள். நீ மனம் தளரலாமா?” என்றேன். அது ஆறுதல் என்று நினைத்தேன். அது ஆறுதல் அன்று. ஏற்கெனவே சுமந்து நின்றவர் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றிவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் வணங்கிவிட்டுச் சென்றார். அதன் பிறகே இத்துறை பற்றிய நூல்களைத் தேடிப் படிக்கலானேன். படித்ததையே இங்கு உங்கள் முன் வைக்கிறேன்.

வள்ளுவப் பெருந்தகை ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணி செய்பவர் என்பவையே அந்நான்கு. இவற்றுள் இரண்டு கூறு, பிறர்க்கு உதவும் மனிதர்கள். உடல் நோய்க்கு மாத்திரையும் ஊசியும் பெரும் பங்கு ஆற்றுகின்றன. மனநோய்க்கோ, மருந்தோடு கூட, உதவும் மனிதரின் மனமும் ஒரு கருவியாகிறது. அக்கருவி தேய்ந்தால் என் செய்வது?

இத்தேய்வுக்கு ‘பர்ன் அவுட்’ என்னும் பெயரை வழங்கச் செய்தவர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்னும் உளவியல் அறிஞர். 1926 ஆம் ஆண்டு ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, நாஜிகளின் கொடுமைக்குத் தப்பிச் சிறுவனாக அமெரிக்கா சென்றவர். நியூயார்க்கில் பகலெல்லாம் தம் சொந்த மருத்துவப் பணி. மாலையில் ஏழை இளைஞர்க்கான இலவச மருத்துவ நிலையத்தில் தொண்டு. போதைப் பொருளுக்கு அடிமையான இளைஞர் பலர் அங்கு வந்தனர். நாளடைவில், ஆர்வத்தோடு வந்த தொண்டர்கள் எரிச்சலும் சோர்வும் அடைவதைக் கண்டார். தாமும் அவ்வாறே ஆனதை உணர்ந்தார். ஒலிப்பதிவுக் கருவியில் தாமே பேசிப் பதிந்து, நோயாளி ஒருவரின் சொல்லைக் கேட்பதுபோல அதனைக் கேட்டார். அப்போதுதான் தம் நிலை அவருக்கு விளங்கியது. 1974 இல் இதனைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை புகழ் பெற்றது. நாம் இதனைப் பணிச்சோர்வு என்போம்.

பிறகு கலிபோர்னியாவைச் சேர்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக் என்னும் அம்மையார், சூசன் ஜாக்சன் என்பாரோடு சேர்ந்து, 1981 இல் இதனை அளக்க 22 வினாக்கள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். பணிச்சோர்வின் மூன்று முகங்களை அது காட்டுகிறது. முதலாவது, உள்ளம் வறண்டுபோதல். இரண்டாவது, எதிரில் உள்ளவரை மனிதராகக் கருதாமல் ஒரு ‘கேஸ்’ என்று பார்த்தல். மூன்றாவது, நான் செய்த வேலையால் பயன் ஒன்றும் இல்லை என்று எண்ணுதல். என் மாணவி கடிகாரத்தைப் பார்த்தது கல் நெஞ்சத்தால் அன்று. எண்ணெய் ஊற்றாமல் திரியை மட்டும் தூண்டிக்கொண்டே இருந்தால், திரியே கருகும் அல்லவா?

உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்றுக்கொண்டு 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் பணிச்சோர்வைக் குறிப்பிடுகிறது. ஆனால் அதனை நோய் என்று கூறவில்லை. பணியிடத்தில் நீண்ட காலம் தீர்க்கப்படாத அழுத்தத்தின் விளைவு என்றே கூறுகிறது. இதனை நாம் நன்கு கவனிக்க வேண்டும். குறை அந்த மனிதரிடம் மட்டும் இல்லை. அவர் வேலை செய்யும் முறையிலும் இருக்கிறது என்பதே இதன் பொருள்.

சரி, இதற்குச் சிகிச்சை என்ன? முதலாவது, சிகிச்சை அளிப்பவரே சிகிச்சை பெறுதல். இது புதிய கருத்து அன்று. உளப்பகுப்பாய்வு முறையைத் தோற்றுவித்த சிக்மண்ட் ஃபிராய்ட், 1937 இல் எழுதிய கட்டுரையில், பகுப்பாய்வு செய்பவர் ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை தாமே மீண்டும் பகுப்பாய்வுக்கு உட்பட வேண்டும். அதற்கு நாணக் கூடாது என்று அறிவுறுத்தினார். இன்று பல முறைகள் உள்ளன. ‘நான் ஒருவரைக்கூடக் கைவிடக் கூடாது’, ‘ஓய்வெடுப்பது குற்றம்’ என்பன போன்ற எண்ணங்களை எடுத்து ஆராய்ந்து, அவற்றையும் அவற்றால் விளையும் நடத்தையையும் திருத்தும் சிகிச்சை அவற்றுள் ஒன்று. தாம் வேலை செய்யும் இடத்துக்கு வெளியே உள்ள ஒருவரிடம் செல்வது நன்று. உடன் பணி புரிவோர் அறிவார்களோ என்னும் அச்சம் வேண்டா. 2017 ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுவோர் பற்றிய செய்திகள் இரகசியமாகக் காக்கப்படும் உரிமையை அளித்துள்ளது.

இரண்டாவது, கூடிப் பேசுதல். ஹங்கேரியில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த மைக்கேல் பாலிண்ட் என்னும் மருத்துவர், 1950களில் இலண்டனில் மருத்துவர்களைச் சிறு குழுவாகக் கூட்டினார். ஒருவர் தமக்குத் தொல்லை தரும் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வார். மற்றவர்கள் மருந்தைப் பற்றிப் பேசாமல், அந்நோயாளியால் மருத்துவர் மனத்தில் எழுந்த சினம், அச்சம், சலிப்பு ஆகியவற்றைப் பற்றிப் பேசுவார்கள். ‘எனக்கு மட்டும்தான் இப்படி’ என்னும் தனிமை அங்கே உடைகிறது. இன்றும் பல நாடுகளில் இக்குழுக்கள் அவர் பெயராலேயே நடக்கின்றன.

மூன்றாவது, வழிகாட்டும் மேற்பார்வை. இது தவறு கண்டு தண்டிக்கும் மேற்பார்வை அன்று. அனுபவம் மிக்க ஒருவர், குறித்த நாளில் இளையவரோடு அமர்ந்து, அவர் கையில் உள்ள கடினமான பொறுப்புகளைப் பங்கிட்டுச் சிந்திப்பது. நான்காவது, வேலையையே திருத்துதல். ஒருவர் பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கை, இரவுப் பணி, விடுப்பு ஆகியவற்றை ஒழுங்கு செய்யாமல், மூச்சுப் பயிற்சி மட்டும் செய் என்றால் அது ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதாகும். 2016 இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, பொதுவாக மருத்துவர்களின் பணிச்சோர்வு பற்றிய 52 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. தனி மனிதருக்குத் தரும் பயிற்சியும் பயன் தருகிறது. நிறுவனம் செய்யும் மாற்றமும் பயன் தருகிறது என்று அது கண்டது. எனவே இரண்டும் வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பணிச்சோர்வு வேலையோடு ஒட்டியது. விடுமுறை நாளிலும் எதிலும் விருப்பம் இல்லை, உறக்கம் இல்லை, உயிர் வாழ்வதே வீண் என்னும் எண்ணம் வருகிறது என்றால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குத் தாமதமின்றி மருத்துவரை நாட வேண்டும். 2022 அக்டோபரில் மைய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவிக்கு 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். மனநலப் பணியாளரும் அதில் பேசலாம். நீச்சல் கற்றுத் தருபவரும் வெள்ளத்தில் சிக்கினால் கயிற்றைப் பற்றத்தானே வேண்டும்?

இளைஞர்களே! தலைமுறையில் முதல்வராகப் படித்து வருவோர்க்கு மூன்று சுமை உண்டு. வேலையின் சுமை ஒன்று. வீட்டின் சுமை ஒன்று. ‘நான் தவறினால் என் மக்களையே பழிப்பார்கள்’ என்னும் சுமை ஒன்று. மூன்றாவது சுமையைப் பிறர் ஏற்றினர் என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன். பெருமை என்னும் பெயரால் நாமும் ஏற்றுகிறோம். என் மாணவிக்கு நான் செய்தது அதுவே. பாராட்டு விழாவில் மாலை போடும் நாம், அந்தப் பிள்ளை களைத்து வரும் நாளில் ‘சாப்பிட்டாயா, உறங்கினாயா, யாரிடமாவது பேசினாயா?’ என்று கேட்கவும் கற்க வேண்டும்.

அந்த மாணவி பின்னர் வேறோர் ஊரிலுள்ள ஆலோசகரிடம் சில மாதங்கள் சென்றார். தம்மொடு பணி செய்யும் செவிலியர் நால்வரைச் சேர்த்துக்கொண்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை கூடிப் பேசத் தொடங்கினார். இரவுப் பணியை முறை வைத்து மாற்றும்படி ஐவரும் சேர்ந்து எழுதிக் கொடுத்தனர். தனியாகக் கேட்க அஞ்சியதை ஐவராகக் கேட்டபோது கிடைத்தது. சென்ற பொங்கலுக்கு வந்தவர், “ஐயா, இப்போது அவர்கள் அழுதால் எனக்குக் கேட்கிறது” என்றார்.

நமது சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். உதவித்தொகை கொடுத்துப் படிக்க வைத்ததோடு நம் கடமை முடியவில்லை. மருத்துவம், செவிலியர், சமூகப் பணி, ஆலோசனை ஆகிய துறைகளில் உள்ள நம் பிள்ளைகள் திங்களுக்கு ஒருமுறை இந்தக் கட்டடத்தில் கூடிப் பேச ஓர் அறையைத் திறந்து வைப்போம். அங்கே பாராட்டுரை வேண்டா, அறிவுரையும் வேண்டா. காது கொடுத்துக் கேட்பவர்கள் இருந்தால் போதும். முதல் கூட்டத்துக்கு நாற்காலி போட நான் வருகிறேன்.