பற்றரியின் வரவும் இருப்பும் கசிவும்



மோட்டார் வாகனம் வைத்திருப்போரிடையே வழங்கும் முறைப்பாடுகளுள் மிகப் பழையது ஒன்றுண்டு. "நேற்று மாலை நன்றாக ஓடிற்று, இன்று காலை கிளம்ப மறுக்கிறது" என்பதே அது. திறப்பைத் திருகினால் ஒரு முனகல் கேட்கும். பின்பு 'டிக், டிக்' என்ற ஓசை. அதன்பின் அதுவும் இல்லை. அயலவர் கூடித் தள்ளுவர். அல்லது வேறொரு வாகனத்தின் பற்றரியிலிருந்து கம்பி தொடுத்துக் கிளப்புவர். மறுநாளும் இதே கதை நிகழும். மூன்றாம் நாள் உரிமையாளர் கடைக்குச் சென்று புதிய பற்றரி ஒன்றை வாங்கி வருவார். இரண்டு வாரம் கழிந்ததும் அப்புதிய பற்றரியும் பழையதன் வழியே செல்லும். விசாரணை நடைபெறாமலே தீர்ப்பு வழங்கப்பட்டமையால் வந்த நட்டம் இது.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களில் இது சிறிய விடயம் அன்று. நிலாவெளி, குச்சவெளிக் கரைகளில் இறங்கும் மீனை வெயில் ஏறுமுன் பட்டினத்துக்குக் கொண்டுவர வேண்டிய சிறு லொறி ஒன்று தாமதித்தால், ஐஸ் உருகும். மீனின் விலையும் இறங்கும். பகலிலே மீன் சுமக்கும் அவ்வாகனமே, இரவில் அயல் வீட்டு நோயாளியை வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்வதும் உண்டு. அவ்வேளையில் பற்றரி ஓய்ந்து கிடந்தால் நட்டம் பணத்தோடு நின்றுவிடாது.

பற்றரி என்பது மின்சாரத்தை விளைவிக்கும் வயல் அன்று. விளைந்ததைச் சேர்த்து வைக்கும் களஞ்சியமே. 1859 ஆம் ஆண்டில் கஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சு அறிஞர் ஈயத் தகடுகளைச் சல்பூரிக் அமிலத்தில் அமிழ்த்தி, மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க கலத்தை முதன்முதலில் அமைத்தார். இன்றும் பெரும்பாலான வாகனங்களில் இருப்பது அதன் வழித்தோன்றலே. ஏறத்தாழ 2.1 வோல்ற்று தரும் ஆறு கலங்களை வரிசையாகத் தொடுத்தால் நாம் பன்னிரண்டு வோல்ற்றுப் பற்றரி என்று வழங்குவது கிடைக்கிறது. எஞ்சினைக் கிளப்பும்போது அது சில விநாடிகளுக்கு நூற்றுக்கு மேற்பட்ட அம்பியர் மின்னோட்டத்தை வழங்குகிறது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும், பட்டியினாற் சுழற்றப்படும் மின்பிறப்பாக்கி அக்கடனைத் திருப்பிச் செலுத்துகிறது.

எனவே, பற்றரி ஓயாமற் சோர்வதற்குக் காரணம் மூன்று இடங்களுள் ஒன்றிலேயே இருத்தல் வேண்டும். வரவு போதாமல் இருக்கலாம், களஞ்சியமே பழுதுற்றிருக்கலாம், அல்லது வாகனம் உறங்கும் வேளையில் எங்கோ ஓரிடத்தில் மின்சாரம் கசிந்துகொண்டிருக்கலாம். குடும்பக் கணக்கில் வரவு, இருப்பு, செலவு ஆகிய மூன்றையும் பாராமல் பணப்பெட்டியைக் குறை கூறுவார் இல்லை. பற்றரிக்கும் அந்த நியாயம் உரியது.

இவ்வாறு கணக்கு வைக்கும் பழக்கத்தைத் திருகோணமலைத் துறைமுகம் முன்னரே கண்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்கள் இத்துறைமுகத்தைத் தளமாகக் கொண்டிருந்தன. 'அடமன்ற்' என்னும் தாய்க்கப்பல் அவற்றைப் பேணி வந்தது. 1944 ஜனவரியில் பினாங்குக்கு அப்பால் யப்பானின் 'குமா' என்ற போர்க்கப்பலை மூழ்கடித்த 'ராலி-ஹோ' இங்கிருந்து சென்ற நீர்மூழ்கியே. நீருக்கடியில் அக்கப்பல்கள் ஈய அமிலப் பற்றரிகளின் வலிமையாலேயே இயங்கின. இரவில் நீர்மட்டத்துக்கு எழுந்து, டீசல் எஞ்சினை ஓட்டி மின்னேற்றம் செய்யாவிடின், மறுநாள் மூழ்கியிருத்தல் இயலாது. ஆதலால் அமிலத்தின் அடர்த்தியை அளப்பதும், சென்றது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று கணக்கிடுவதும் மாலுமிகளின் உயிர்காக்கும் வேலையாக இருந்தன. அதே முறையைச் சிறிய அளவில் ஒரு மீன் லொறிக்குக் கையாளலாம்.

முதலில் வேண்டுவன ஒரு பல்மானியும் சிறிது பொறுமையுமே. மின்னேறும் பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவரும். அது தீப்பொறி பட்டால் வெடிக்கும். ஆகவே அதனருகே சுருட்டோ விளக்கோ ஆகாது. கம்பிகளைக் கழற்றும்போது எதிர்முனையை முதலிற் கழற்றுக; பூட்டும்போது அதனை இறுதியிற் பூட்டுக.

கண்ணாற் காண்பதே முதற் சோதனை. கடற்காற்று உப்பையும் ஈரத்தையும் சுமந்து வருவது. பற்றரியின் முனைகளிற் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும் களிம்பு, மின்னோட்டத்துக்குத் தடையாகும். முனை தளர்ந்திருந்தாலும் இதே விளைவுதான். இனி, பற்றரியின் மேற்பரப்பிற் படிந்த உப்பும் தூசும் அமில ஈரமும் கலந்து, இரு முனைகளுக்கும் இடையே மெல்லியதொரு பாதை அமைத்துவிடும். அதன் வழியே இரவு முழுவதும் மின்சாரம் கசியும். அப்பச்சோடா கரைத்த நீரால், அது கலங்களுக்குள் இறங்காதவாறு துடைத்து, நல்ல நீரால் மீண்டும் துடைத்து உலரவிட்டால் இக்குறை நீங்கும்.

இரண்டாவது, களஞ்சியத்தைச் சோதித்தல். பற்றரியை வெளியிலே முழுதாக மின்னேற்றி, வாகனத்தோடு தொடுக்காமல் ஓர் இரவு வைத்திருக்க வேண்டும். காலையில் 12.6 வோல்ற்று அளவு காட்டினால் அது நிறைந்த பற்றரி. 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12 க்குக் கீழ் இறங்கினால் வெறுமையை அண்மியது. ஒன்றுடனும் தொடுக்கப்படாத நிலையில் ஒரே இரவில் இவ்வாறு சரிந்தால் குற்றம் பற்றரியினுடையதே. 10.5 அளவில் நின்றால் ஆறு கலங்களுள் ஒன்று இறந்துபோயிற்று என்று கொள்ளலாம். மூடி திறக்கத்தக்க பற்றரியாயின் நீரமானியால் ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே அளக்கலாம். நிறைந்த கலம் 1.26 அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட அளவைக் காட்டும். ஒரு கலம் மட்டும் ஏனையவற்றிலிருந்து 0.05 இற்கு மேல் வேறுபட்டு நின்றால் அதுவே நோயுற்ற கலம். நீர் குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த நீரையே வார்க்க வேண்டும். கிணற்று நீர் ஆகாது.

மூன்றாவது, வரவைச் சோதித்தல். எஞ்சினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு, பற்றரி முனைகளில் அளந்தால் 13.8 முதல் 14.5 வரை காட்டுவது வழக்கம். கணினியால் ஆளப்படும் புதிய வாகனங்களில் இது சற்று ஏறியிறங்கும். எஞ்சின் ஓடியும் 12.5 அளவிலேயே நின்றால், பட்டி தளர்ந்ததா, கம்பி அறுந்ததா, மின்பிறப்பாக்கி பழுதுற்றதா என்று பார்த்தல் வேண்டும். 15 இற்கு மேல் ஏறினால் அதுவும் நன்றன்று; பற்றரி கொதித்து நீர் வற்றிவிடும். வரவு முறையாக இருந்தும், வாகனம் நாள்தோறும் கடைத்தெரு வரையில் மட்டும் சென்று திரும்புமாயின், கடன் முழுதும் தீராமலே எஞ்சின் நிறுத்தப்படுகிறது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இம்மூன்றிலும் குறை இல்லையெனின், எஞ்சுவது கசிவு. இதனைக் கண்டுபிடிப்பது திருடனைப் பிடிப்பது போன்றது. எல்லா ஆளிகளையும் நிறுத்தி, கதவுகளைச் சாத்தி, எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, முனைக்கும் கம்பிக்கும் இடையே மானியைப் பத்து அம்பியர் அளவில் தொடுக்க வேண்டும். அந்நிலையில் எஞ்சினைக் கிளப்ப முயலுதல் கூடாது, மானி எரிந்துபோகும். புதிய வாகனங்களின் கருவிகள் உறங்குவதற்குச் சில வேளை அரை மணி நேரம் செல்லும். அதுவரை காத்திருத்தல் வேண்டும். பின்பு 50 மில்லி அம்பியருக்கு உட்பட்டிருந்தால் பெரும்பாலும் இயல்பானதே. அதிகமாயின், உருகிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கலாம். எந்த உருகியைக் கழற்றும்போது அளவு சட்டென விழுகிறதோ, அந்தச் சுற்றிலேதான் திருடன் ஒளிந்திருக்கிறான். பெட்டியறையில் அணையாத விளக்கு, பின்னாளிற் பொருத்திய வானொலி, எச்சரிக்கை மணி ஆகியவை அடிக்கடி அகப்படுவன. எவ்வுருகியைக் கழற்றியும் அளவு விழாதாயின், மின்பிறப்பாக்கியின் இருவாயிகளைச் சந்தேகிக்கலாம்.

ஐந்து உவாற்றுச் சிறு விளக்கு ஒன்று என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். அது ஏறத்தாழ 0.42 அம்பியரை உண்ணும். நாற்பது அம்பியர்-மணி கொள்ளும் பற்றரியை நான்கு நாட்களில் அது வெறுமையாக்கிவிடும். எஞ்சினைக் கிளப்பும் ஆற்றலோ அதற்கு முன்பே போய்விடும். இயல்பென்று கூறிய 50 மில்லி அம்பியருங்கூட, ஓடாமல் நிற்கும் வாகனத்தை ஒரு மாதத்தில் அதே நிலைக்குக் கொண்டுவரும். 2022 ஆம் ஆண்டில் நாடெங்கும் எரிபொருள் அற்று, ஜூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே அது வழங்கப்படும் என்ற நிலை வந்தபோது, எண்ணற்ற வாகனங்கள் அசையாமல் நின்றன. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் இம்மாவட்டமும் அதற்கு விலக்காகவில்லை. அவ்வாறு வாரக்கணக்கிற் சோர்ந்து கிடக்கும் பற்றரியின் தகடுகளிலே ஈய சல்பேற்றுப் பளிங்குகள் இறுகிவிடும். பின்னர் எவ்வளவு மின்னேற்றினும் பழைய வலிமை திரும்புவதில்லை. நீண்ட நாள் நிறுத்தி வைப்போர் எதிர்முனையைக் கழற்றிவிடுவதும், மாதம் ஒருமுறை மின்னேற்றுவதும் நலம்.

கீழ்மாகாண வெயிலும் கிழக்கு வெயிலும் எதுவாயினும், வெப்பம் பற்றரியின் ஆயுளைக் குறைக்கவே செய்யும். ஆகவே சோதனைகளின் முடிவில் பற்றரி மூப்படைந்தது என்று தெரியவந்தால் மாற்றத்தான் வேண்டும். அப்பொழுது பழையதை வீட்டு முற்றத்தில் உடைத்து ஈயம் எடுக்க எவரும் முயலலாகாது. ஈயத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அமிலம் மண்ணையும் கிணற்றையும் பாழாக்கும். பழைய பற்றரியை விற்ற கடையிலேயே கொடுத்துவிடுவது முறை.

ஒரு மாலைப் பொழுதின் சோதனை, தேவையற்ற ஒரு பற்றரியின் விலையை மிச்சப்படுத்தும். அதனினும் மேலாக, நள்ளிரவில் ஒருவர் கதவைத் தட்டி உதவி கேட்கும்போது, திறப்பைத் திருகியவுடன் எஞ்சின் எழும் என்ற உறுதியை அது தரும்.