நிற்கத் தெரிந்த இயந்திரம்

(கரவெட்டியில் கமக்காரரும் சிறுதொழில் முயற்சியாளரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இயந்திரம் என்றதும் நம்மவருட் சிலர் அஞ்சுகின்றனர். சிலர் விலை கேட்க ஓடுகின்றனர். இரு சாராரும் நமது தோட்டத்துக் கிணற்றடியை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன். ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடித்து இறைக்க, ஒருவர் வாய்க்காலில் தண்ணீர் மாற்ற, மூவர் வியர்வையிற் பயிர் நனைந்த காலம் ஒன்றிருந்தது. 1950களிலும் 60களிலும் மண்ணெண்ணெய் இயந்திரம் வந்தது, ஒருவரே இறைத்தார். வெங்காயமும் மிளகாயும் பெருகின. ஆனால், ஆறில்லாத இச் சுண்ணக்கல் நிலத்தில், மாரி தந்த நன்னீர் உவர்நீரின் மேலேயே மிதக்கிறது. அளவின்றி இறைத்த இடங்களிற் கிணறு உவர்த்தது. அந்த இயந்திரத்துக்கு இறைக்கத் தெரிந்தது, நிற்கத் தெரியவில்லை.

ஜப்பானில் சகிச்சி தொயோதா என்பார் 1924 இல் நிறைவாக்கிய தறியோ நூல் அறுந்தவுடன் தானே நின்றது. அதனால் துணி பழுதாகவில்லை; ஒரு தொழிலாளி பல தறிகளைக் கவனித்தார். தன்னியக்கம் என்பதன் உட்பொருள் இதுவே என்பது என் கருத்து.

நமக்கு அறிவு இல்லையென்று எவரும் சொல்ல வேண்டாம். 1950 இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் போரினால் மூடப்பட்டது. பெருஞ் சூளை அவிந்தது. சிறு பட்டறைகள் அவியவில்லை. எரிபொருள் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்த இயந்திரத்தை மண்ணெண்ணெயில் ஓடவிட்டவர் நமது மெக்கானிக்குகள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவரும் நாமே. (அன்று சுழற்றிய சிறுவர் சிலர் இன்று பொறியியலாளராய் இச் சபையிலும் இருக்கக்கூடும்.)

இனி ஒடியலுக்கு வருவோம். கிழங்கைக் கிண்டித் தோலுரித்துக் கிழித்து வெயிலிற் பரப்புகிறோம். மாவரைக்கும் மில் ஊர்தோறும் உண்டு. அப்படியிருக்க, தொழிலை விரிவாக்க எண்ணுபவர் முதலில் வாங்க நினைப்பது இன்னும் பெரியதொரு மில்! தடை அங்கேயா இருக்கிறது? பனியும் மழையும் படிந்து பூஞ்சணம் பிடித்த ஒடியலை எத்துணை விரைவாக அரைத்தால் என்ன? முதலில் வேண்டியது வெப்பமும் காற்றும் அளவாய்ச் செல்லும் உலர்த்தி. போதிய சூட்டில் தானே நிற்கும் உலர்த்தி. தனியொரு வீட்டுக்கு அது பெருஞ் செலவு. கூட்டுறவுச் சங்கத்துக்குத் தாங்கும். கூலிக்குக் கிழங்கு கிழிக்கும் பெண்களும் அதிற் பங்காளராக வேண்டும். இல்லையேல் மிச்சப்படும் உழைப்பின் பயன் ஒருவர் பெட்டியிலேயே சேரும்.

வருகிற தையில் கிழங்கு கிண்டும்போது, எத்தனை கடகம் பரப்பினோம், எத்தனை பழுதாயிற்று என்று வீட்டுக்கொரு கொப்பியில் எழுதி வையுங்கள். அந்தக் கணக்கோடு மாசியில் மீண்டும் இங்கே கூடுவோம். எந்த அளவில் உலர்த்தி வேண்டுமென்பதை அன்று தீர்மானிப்போம்.