வெள்ளைக் காலும் விடுபட்ட எழுத்தும்



மருந்தியலில் என்னினும் வல்லவர் பலர் இங்கே வீற்றிருக்க, இந்த அக்கிராசன ஸ்தானம் எனக்குத் தகுமோ என்று முதலில் தயங்கினேன். எனினும் அன்பர்களின் கட்டளையை மறுப்பது மரியாதை அன்றாதலாலும், மந்தை மேய்க்கும் நாய்களின் மருந்து தாங்காமையும் அதனை முன்கூட்டி அறியும் மரபணுப் பரீட்சையும் நெடுநாளாக என் சிந்தையைக் கவர்ந்த பொருள்களாதலாலும், இப்பணியை உவப்புடன் ஏற்றுக்கொண்டேன்.

ஜப்பானிய மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பெறப்பட்டு, 1981 ஆம் ஆண்டில் கால்நடை மருந்தாக விற்பனைக்கு வந்த ஐவர்மெக்டின், குடற்புழுவையும் சொறிப்பூச்சியையும் ஒருங்கே ஒழிக்கும் ஆற்றலால் உலகமெங்கும் புகழ் பெற்றதையும், அப்பணிக்காகச் சதோஷி ஓமுராவும் வில்லியம் கேம்ப்பெல்லும் 2015 இல் நோபல் பரிசில் பங்கு பெற்றதையும் நீங்கள் அறிவீர்கள். ஆயினும் அம்மருந்து பரவிய சில ஆண்டுகளுக்குள்ளேயே, ஸ்காட்லாந்தின் ஆட்டு மந்தைகளோடு வளர்ந்த கோலி இன நாய்களிடத்தில் ஒரு விபரீதம் தென்பட்டது. பிற நாய்கள் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2,000 மைக்ரோகிராம் கொடுத்தாலும் தாங்கி நிற்க, கோலிகளில் பல 100 மைக்ரோகிராம் அளவிலேயே வீழ்ந்தன. வாயில் எச்சில் ஒழுகும். கண்ணின் பாவை அகல விரியும். எஜமானன் முகத்தெதிரே கையசைத்தாலும் இமை அசையாது. மந்தையைச் சுற்றி அம்பெனப் பாய்ந்த கால்கள் பின்னித் தடுமாறும். பிறகு நடுக்கம், அதன்பின் நினைவற்ற நிலை. இதற்கென்று முறிமருந்து கிடையாது; நாட்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில், கைக்குழந்தையைப் போலப் பேணிக் காத்திருப்பதே சிகிச்சை.

அனுபவத்தால் அஞ்சிய மேல்நாட்டு மருத்துவர்கள், கோலியின் வெள்ளைக் காலையே அடையாளமாகக் கொண்டு, வெள்ளைக் காலைக் கண்டால் இம்மருந்தைக் கொடாதே என்று ஒரு வாய்மொழி வகுத்துக்கொண்டார்கள். அது பல உயிர்களைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் காலின் நிறத்துக்கும் மருந்தின் விஷத்துக்கும் காரண சம்பந்தம் யாது என்று அது கேட்கவில்லை.

அக்கேள்விக்கு விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. மூளைக்குச் செல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரில், பி-கிளைக்கோபுரதம் என்னும் ஒரு புரதம் துவாரபாலகரைப் போல நின்று, உள்ளே நுழையும் அந்நியப் பொருள்களை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அப்புரதம் இல்லாதபடி ஆம்ஸ்டர்டாமில் வளர்க்கப்பட்ட எலிகளுக்குச் சிற்றுண்ணி போக ஐவர்மெக்டின் தெளித்தபோது அவை மடிந்தன என்னும் செய்தி 1994 இல் வெளியாயிற்று. அதைத் தொடர்ந்து, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கத்ரீனா மீலியும் அவருடைய சகாக்களும், கோலிகளில் அப்புரதத்துக்கு உரிய எம்டிஆர்1 மரபணுவில் நான்கு எழுத்துகள் விடுபட்டிருப்பதை 2001 இல் கண்டறிந்தார்கள். மும்மூன்று எழுத்தாகக் கூட்டி வாசிக்கப்படும் ஏட்டில் நான்கு எழுத்து உதிர்ந்தால், அதன்பின் வருவதெல்லாம் பொருளற்றுப் போகுமல்லவா? அவ்வாறே அப்புரதமும் பத்தில் ஒரு பங்குகூட உருவாவதற்கு முன் நின்றுவிடுகிறது. காவலன் இல்லாத வாயில் வழியே மருந்து மூளையில் புகுந்துவிடுகிறது.

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பது நம்மவர் பழமொழி. ஒரே பிழை பல சுவடிகளில் காணப்படின் அவையெல்லாம் ஒரே மூல ஏட்டின் வழிவந்தவை என்று பதிப்பாசிரியர்கள் துணிவது போலவே, 2004 இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, இவ்விடுபாடு தாங்கிய பல இன நாய்களும், 1870களில் இனப் பதிவேடுகள் தோன்றுவதற்கு முன் பிரிட்டனில் வாழ்ந்த ஒரே நாயின் சந்ததி என்று காட்டிற்று. அமெரிக்காவில் கோலிகளில் பத்துக்கு ஏழு, ஆஸ்திரேலியன் ஷெப்பர்டுகளில் ஏறக்குறையப் பாதி, ஷெட்லாந்து ஆட்டு நாய்களில் நூற்றுக்குப் பதினைந்து என்ற கணக்கில் இது காணப்படுகிறது. நம்மூரார் அல்சேஷன் என்று அழைக்கும் ஜெர்மன் ஷெப்பர்டிலும் பத்தில் ஒன்று என்ற அளவில் அது உண்டு. அதற்கு வெள்ளைக் கால் ஏது? மறுபுறம், வெள்ளைக் கால் படைத்த பார்டர் கோலியில் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. வாய்மொழி இருபுறமும் தவறுகிறது: அஞ்ச வேண்டாதவற்றுக்கு மருந்தை மறுக்கிறது, அஞ்ச வேண்டியவற்றைக் காணாமல் விடுகிறது.

பரீட்சையோ மிக எளியது. சிறு தூரிகையால் நாயின் உட்கன்னத்தைத் தேய்த்து, உலர்த்தி, உறையிலிட்டு அனுப்பினால் போதும்; தாய்ப்பால் அருந்திய குட்டியின் வாயில் தாயின் அணுக்கள் தங்கியிருக்கலாமாதலின், சற்று நேரம் தாயைப் பிரித்து வைத்துப் பின்பே எடுக்கவேண்டும். தாய், தந்தை இருவழியிலும் பிழை பெற்ற நாய்க்கு அபாயம் மிகுதி; ஒருவழியில் மட்டும் பெற்றதற்கும் அது முற்றிலும் இல்லாமற் போவதில்லை. வயிற்றுப்போக்குக்கு மனிதர் உண்ணும் லோபெராமைடு, புற்றுநோய்க்குரிய வின்கிறிஸ்டின், மயக்கத்துக்குரிய அசிப்ரோமசின் ஆகியவையும் இவ்வரிசையில் சேர்ந்தவையே. கடைசியாகச் சொன்னதை, ஒருவழிப் பிழையுள்ள நாய்க்குக் கால் பங்கும், இருவழிப் பிழையுள்ளதற்கு 30 முதல் 50 சதவீதம் வரையும் குறைத்துக் கொடுப்பது வழக்கமாயிருக்கிறது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகளைப் பணிவுடன் வைக்கிறேன். பரீட்சையின் முடிவைக் கண்டு மருந்தையே வெறுத்துவிடலாகாது. இதயப்புழுவைத் தடுக்க மாதந்தோறும் தரும் ஐவர்மெக்டின் கிலோவுக்குச் சுமார் 6 மைக்ரோகிராமே ஆதலால், அது பிழையுள்ள நாய்க்கும் தீங்கு செய்வதில்லை. சொறிக்காகக் கொடுக்கும் 300 முதல் 600 வரையான அளவே அதற்கு நஞ்சாகிறது. அன்றியும், பிழை கண்ட நாய்களையெல்லாம் இனவிருத்தியிலிருந்து விலக்கப் புகுந்தால், கோலி வம்சத்தில் எஞ்சுவது சிறுபான்மையே. அச்சிறு கூட்டத்துக்குள் மறைந்திருக்கும் வேறு பிழைகள் பெருகுமேயன்றிக் குறையா. பிழையற்ற துணையோடு சேர்த்துத் தலைமுறைதோறும் சோதித்துக் களைவதே விவேகம். சுவடியில் எழுத்துப் பிழை கண்டால் திருத்திப் படியெடுக்கிறோம். சுவடியை நெருப்பில் இடுகிறோமா?

இக்கருத்தரங்கின் இரண்டு நாட்களிலும் கட்டுரை படிக்கப் போகும் இளைஞர்களை நான் வேண்டுவது ஒன்றே. வாய்மொழி வகுத்த பழைய மருத்துவர்களைப் பரிகசிக்க வேண்டா. காலைப் பார்த்தவர்கள் கண்ணால் காணக்கூடியதைக் கவனித்தே பார்த்தார்கள். உங்களுக்கோ கன்னத்தைத் தொட்டு ஏட்டையே வாசிக்கும் கருவி வாய்த்திருக்கிறது. ஊசியை எடுப்பதற்கு முன் அதை வாசித்துவிடுங்கள்.