அழுத்தும் துணிக்கு அளவான நீர்



உடுப்பு மினுக்குவது நெருப்பின் வேலை என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். அழுத்தி சூடேறியதா, சூடு போதுமா, கூடிவிட்டதா என்பதே நம் கவலை. தண்ணீரை நினைப்பவர் குறைவு. ஆனால் சுருக்கத்தை அவிழ்ப்பது தண்ணீர். அவிழ்ந்ததை நேராக நிறுத்துவதே சூட்டின் பங்கு. இவ்விரண்டில் முன்னையதே எளிதிற் பிழைத்துப்போவது. ஆகையால் துணியை அளவாக நனைப்பதற்கென்று ஏற்பட்ட ஒரு சிறு கைக்கருவியைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். கைப்பிடியுள்ள ஒரு கிண்ணம். அதன் வாயிற் பொருத்திய ஒரு துண்டு கடற்பஞ்சு, அல்லது கடைகளில் ஸ்பொஞ்சு என்று விற்கப்படும் செயற்கைப் பஞ்சு. கருவி அவ்வளவே. நம் வழக்கில் அதற்கு நிலைத்த பெயரொன்றும் இல்லை. நான் அதனை நனைபஞ்சு என்று சொல்லிக்கொள்கிறேன். பேச்சு முடியும்வரை நேயர்கள் பொறுத்துக்கொள்க.

மாவடிப்பள்ளியிலிருந்து இதனைத் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையே, வயல்வெளிகள் சூழ அமைந்த சிற்றூர் அது. கடல் கிழக்கே சிறிது தொலைவில் இருக்கிறது. ஆண்டின் நடுப்பகுதியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும். சுமந்துவந்த மழையை மலைநாட்டின் மறுபக்கத்திற் கொட்டிவிட்டு, வறண்டு, சூடேறி, நம் பக்கம் இறங்கிவரும் காற்று அது. கொடியிற் போட்ட சாரன் சற்று நேரத்திற் பப்படம்போல் மொரமொரப்பாகிவிடும். கஞ்சி போட்டதாயின், நிறுத்திவைத்தால் நிற்கும் போலிருக்கும். வாடைக்காலத்திலோ இதற்கு நேர்மாறு. மாரி மழையில் வயலும் தெருவும் ஒன்றாகிக் கிடக்க, விறாந்தைக் கொடியில் மூன்று நாள் தொங்கினாலும் துணியின் ஈரம் விட்டபாடில்லை. பருத்தியின் இயல்பு அத்தகையது. மிதமான ஈரமுள்ள காற்றில் அது தன் எடையில் நூற்றுக்கு 7, 8 பங்கு நீரைச் சுமந்திருக்கும். காற்றின் ஈரம் மிகுந்தால் அந்த அளவு இருமடங்குக்கு மேலும் ஏறும். ஒரே சாரனை ஒரே கை ஒரே அழுத்தியால் மினுக்கினாலும், ஆனியில் ஒருவிதமாகவும் மார்கழியில் வேறுவிதமாகவும் வருவது இதனாலேதான்.

எங்கள் வீட்டில் இந்த உண்மை ஒரு பெருநாள் இரவில் விளங்கியது. அந்த ஆண்டு பெருநாள் கச்சான் காலத்தில் வந்தது. வாப்பாவின் வெள்ளைச் சாரனை ராத்தா மினுக்கிக்கொண்டிருந்தார். சிரட்டைக்கரி போட்டு மூட்டும் பித்தளைப் பெட்டி. அதன் முன்பூட்டில் ஒரு சேவல் உட்கார்ந்திருக்கும். துணி நன்றாகக் காய்ந்திருந்தமையாற் சுருக்கம் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. சூடு போதவில்லை என்று எண்ணி ராத்தா இன்னும் கரி போட்டு விசிறினார். இன்னும் அழுத்தினார். ஓரிடத்திற் கை சற்றே தாமதித்தது. பெட்டியை எடுத்தபோது அதன் அடித்தட்டின் உருவம் பழுப்பாகத் துணியிற் பதிந்திருந்தது. வேறு வெள்ளைச் சாரன் வீட்டில் இல்லை. மறுநாட் காலையில் வாப்பா ஒன்றும் பேசாமல், அந்த அடையாளம் உள்மடிப்பில் மறையுமாறு உடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார். ராத்தா அன்று முழுவதும் அழுதார்.

அவர் செய்த பிழை என்ன? இழையின் உட்பக்கத்தைச் சிறிது பார்த்தால் விளங்கும். பருத்தி இழை செல்லுலோசு என்னும் பொருளாலானது. அதன் நீண்ட சங்கிலிகள் பக்கத்துச் சங்கிலிகளோடு ஐதரசன் பிணைப்புகளாற் கோக்கப்பட்டிருக்கின்றன. துவைத்த துணி மடிந்தும் முறுகியும் உலரும்போது, அந்த முறுக்கிய நிலையிலேயே பிணைப்புகள் இறுகுகின்றன. அதுவே சுருக்கம். நீர் மீண்டும் உள்ளே சென்றால் பிணைப்புகள் தளரும். சங்கிலிகள் ஒன்றையொன்று கடந்து நகர இடம் கிடைக்கும். அந்த நேரத்தில் தட்டையாக அழுத்தி நீரை ஓட்டிவிட்டால், தட்டையான நிலையிற் புதிய பிணைப்புகள் இறுகுகின்றன. நீர் இல்லாமற் சூட்டை மட்டும் கொடுப்பது, பூட்டைத் திறக்காமற் கதவைத் தள்ளுவது போன்றது.

நீருக்கு இன்னொரு தொழிலும் உண்டு. துணியில் ஈரம் நிற்கும்வரை அதன் சூடு 100 பாகை செல்சியசை அதிகம் தாண்டாது. வரும் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்குவதிற் செலவாகிவிடும். ஈரம் தீர்ந்தபின்னரே துணி அழுத்தியின் சூட்டை எட்டிப்பிடிக்கிறது. பருத்திக்கென்று அழுத்தியிற் காட்டப்படும் மூன்று புள்ளி ஏறத்தாழ 200 பாகையைக் குறிக்கும். ராத்தாவின் கரிப்பெட்டியிற் புள்ளியுமில்லை, அளவுமில்லை. காவலாக நிற்கவேண்டிய ஈரமும் துணியில் இல்லை. பிறகு துணி கருகாமல் என்ன செய்யும்?

நனைக்கும் வழிகள் நம்மவரிடம் பல இருந்தன. விரலால் தெளிப்பது எல்லோரும் அறிந்தது. மூடியில் ஆணியால் துளையிட்ட போத்தலை உதறுவது மற்றொன்று. கஞ்சி போட்ட துணிகளுக்கு மாலையில் நீர் தெளித்து, இறுகச் சுருட்டி, ஈரம் எங்கும் சமமாகப் பரவும்படி இரவெல்லாம் வைத்திருப்பர். மருதமுனைக் கைத்தறிச் சாரன்களுக்கு இந்தக் கடைசி முறையை இன்றும் நான் விதந்துரைப்பேன். முழுத் துணிக்கு அதனைவிடச் சிறந்த வழி இல்லை.

ஆனால் அந்நாளில் எல்லாவற்றிலும் திறமையாகச் செய்யப்பட்ட முறை வாயால் ஊதுவதே. எங்கள் ஊர்ப்பக்கம் வீடுவீடாக வந்த சலவைத் தொழிலாளி ஒருவர் இருந்தார். ஒரு மிடறு நீரை வாயிற் கொண்டு, உதட்டைக் குவித்து, பனிப்படலம்போற் சிதறுவார். ஒரு துளிகூடப் பெரிதாக விழாது. இன்று கடையில் விற்கும் தெளிப்பான் போத்தல்களிற் பல அவருக்கு ஈடாகமாட்டா. அவ்வித்தையை அருவருத்தவர்களும் இருந்தனர். உறவினர் ஒருவர், எல்லோரும் பார்த்திருக்க, எச்சில் துணியை எங்களுக்கா உடுக்கத் தருகிறாய் என்று அவரைக் கேட்டுவிட்டார். சூட்டழுத்தி பட்ட துணியிற் கிருமிகள் பெரும்பாலும் மிஞ்சுவதில்லை என்று வாதிடலாம். ஆனால் அருவருப்பு வாதத்துக்கு அடங்குவதன்று. கேட்டவருடைய மனத்தையும் நான் முற்றாகக் குறைகூற மாட்டேன். நான் குறைகூறுவது வேறு. வாயை எடு என்று சொல்ல அத்தனைபேர் இருந்தோம். அதற்குப் பதிலாகக் கையிற் பிடிக்க ஒரு பொருளைக் கொடுக்க எவரும் இல்லை. அவர் அதன்பின்னும் துணி எடுக்க வந்தார். ஆனால் எங்கள் முற்றத்தில் உட்கார்ந்து மினுக்குவதை நிறுத்திவிட்டார்.

உம்மா நனைபஞ்சைச் செய்தது அதற்குப் பின்னர்தான். தேங்காயை உடைத்தால் வரும் இரு பாதிகளில் ஒன்று அகப்பைக்கு ஆகும். கண்களுள்ள மற்றப் பாதி ஒழுகுமாதலால் அகப்பைக்கு உதவாது, அடுப்புக்குப் போகும். உம்மா அந்தக் கண்சிரட்டையைத்தான் எடுத்தார். விளிம்புக்குச் சற்று மேலே எதிரெதிராக இரு துளையிட்டு, சிரட்டைக்குள் பஞ்சை இறுக்கி வைத்து, ஒரு மூங்கிற் குச்சியை ஒரு துளையால் நுழைத்துப் பஞ்சின் ஊடாக மறு துளையால் வெளியே விட்டார். பஞ்சை விழாமற் பிடித்ததும் அக்குச்சி. வெளியே நீண்ட பகுதி கைப்பிடியானதும் அக்குச்சியே. பஞ்சு விளிம்பைவிட ஒரு விரற்கடை வெளியே நிற்கவேண்டும். கவிழ்த்துப் பிடித்தாற் கண்கள் மேலே வரும். அவற்றுள் மென்மையான கண்ணைக் குத்தித் திறந்துவிட்டால், பஞ்சு காயும்போது அதன்வழியே சில துளி நீர் விடலாம். அதனை என் கையிற் தந்து உம்மா சொன்னது இன்றும் நினைவிருக்கிறது: “தண்ணிய ஊத்தாத மகன், ஒத்திக் குடு.”

இக்கருவியின் சூட்சுமம் முழுவதும் அந்த ஒத்துதலில் இருக்கிறது. பஞ்சு தன் நுண்துளைகளில் நீரைப் பிடித்துவைக்கும். அழுத்தினால் மட்டுமே விடும். ஆகவே எவ்வளவு நீர் என்பதைத் தீர்மானிப்பது கையின் அழுத்தம். தெளிக்கும்போது நீர் எங்கே விழும் என்பது கைக்கு அடங்காது. நனைபஞ்சோ கழுத்துப்பட்டியின் மடிப்பு, சட்டைக்கையின் தையல், காற்சட்டையின் கூர்மடிப்பு என்று வேண்டிய இடத்தை மட்டும் நனைக்கும். வங்கியில் நோட்டெண்ணுபவரின் மேசையில் நீர் ஊறிய பஞ்சுக் கிண்ணம் இருந்ததைப் பலர் கண்டிருப்பீர்கள். அங்கே விரல் பஞ்சைத் தேடிச் செல்கிறது. இங்கே பஞ்சு துணியைத் தேடி வருகிறது.

கைப்பிடி எதற்கு, வெறும் பஞ்சு போதாதா என்று கேட்கலாம். சூடான துணியில் ஈரம் பட்டவுடன் ஆவி எழும். ஆவியாற் சுட்ட புண் கொதிநீர்ப் புண்ணிலும் கொடியது. மேலும் 230 வோல்ற்று மின்சாரத்தில் இயங்கும் அழுத்தியை ஈரக்கையாற் பிடிப்பது பெரும் ஆபத்து. ஒரு கை அழுத்திக்கு, மறு கை நனைபஞ்சுக்கு. இரண்டும் உலர்ந்தே இருக்கும்.

மின்னழுத்திக்கு அமெரிக்கரான ஹென்றி சீலி என்பவர் காப்புரிமை பெற்றது 1882ஆம் ஆண்டில். ஆவி விடும் அழுத்திகள் 1920களில் அங்கே கடைக்கு வந்தன. ஆவியழுத்தி இருக்கையில் இந்தச் சிரட்டை எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. வசதியுள்ளவர்கள் ஆவியழுத்தியையே வைத்துக்கொள்க. ஆனால் அதன் நுண்ணிய துளைகள் நல்ல நீரை வேண்டுவன. உவர்ப்பும் சுண்ணாம்பும் கலந்த கிணற்றுநீரை ஊற்றினால் உள்ளே காரை படிந்து துளைகள் அடைபடும். பின்பு ஒருநாள் அந்தக் காரையைப் பழுப்பு நீராக வெள்ளைச் சட்டையிற் கக்கும். நனைபஞ்சுக்கு அந்த நோய் இல்லை. ஆயினும் இரும்பு கலந்த நீரை அதற்கும் பயன்படுத்தாதீர்கள்; துருக்கறை வெள்ளைத் துணியை விட்டு எளிதிற் போகாது. மாரியிற் பிடித்துவைத்த மழைநீர் எல்லாவற்றிலும் மேலானது.

எல்லாத் துணிக்கும் இது ஏற்றதா என்றால், அன்று. பட்டில் ஓரிடத்தை மட்டும் நனைத்தால், உலர்ந்தபின் நீர்வட்டம் தெரியும். பட்டுக்கு நனைபஞ்சு ஆகாது. இப்போது நம் பெண்கள் அணியும் அபாயாக்களிற் பெரும்பாலானவை பொலியெஸ்டர். அந்த இழை நூற்றுக்கு அரைப்பங்கு நீரைக்கூட ஏற்பதில்லை. அதனைத் தளர்த்துவது சூடே. ஏறத்தாழ 80 பாகையிலேயே அது இளகத் தொடங்கும். அதிக சூடு பட்டாற் கறுப்புத் துணி பளபளத்து, அந்தப் பளபளப்பு மீளாது. அதற்கு ஒரு புள்ளிச் சூட்டில், மேலே ஓர் ஈரத்துணியை விரித்து, உட்புறமாக மினுக்குவதே முறை. பருத்திக்கும் லினனுக்குமே நனைபஞ்சு உற்ற துணை.

நீர் கூடினாலும் கேடுதான். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் நீரைச் சூடாக்கி ஆவியாக்க, 1000 உவாற்று அழுத்தியின் முழு வெப்பமும் ஏறக்குறைய 13 செக்கனுக்குச் செலவாகும். சட்டை ஒன்றில் 50 கிராம் நீர் மிகையாக நின்றால் இரண்டு நிமிடத்துக்கு மேல் மின்சாரம் வீண். 2022ஆம் ஆண்டில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு நிலவியபோது, மின்சாரம் வந்த சிறு பொழுதிற் பிள்ளைகளின் பாடசாலைச் சீருடைகளை மினுக்கி முடிக்க முயன்ற தாய்மாருக்கு இந்தக் கணக்கை நான் விளக்கவேண்டியதில்லை. ஈரம் தீருமுன் அழுத்தியை எடுத்துவிடுவதும் கூடாது. அரை ஈரத்தில் மாட்டிய சட்டை, தொங்கும் இடத்திலேயே புதிய சுருக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒத்திய இடம் முற்றாக உலரும்வரை அழுத்தி அங்கே மெல்ல நகரட்டும்.

செயற்கைப் பஞ்சு வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க. மரக்கூழிலிருந்து செய்த செல்லுலோசுப் பஞ்சு உலர்ந்தாற் கட்டியாகி, நனைந்தாற் பொங்கும். இந்த வேலைக்கு அதுவே நல்லது. மெத்தைக்குப் பயன்படும் நுரைப்பஞ்சு சூடான தட்டிற் பட்டால் உருகி ஒட்டிவிடும். எதுவாயினும் பஞ்சை ஈரத்தோடு மூடிவைக்கவேண்டாம். ஓரிரு நாளிற் பூஞ்சணம் பிடித்து நாறும், அந்த நாற்றம் துணிக்கும் ஏறும். வேலை முடிந்ததும் நன்றாகப் பிழிந்து, சிரட்டையை வேலிக் கம்பின்மேல் நிமிர்த்தி வைத்துவிட்டால், கச்சான் காலத்தில் ஒரு மணி நேரத்தில் உலர்ந்துவிடும். வாடைக்காலத்தில் அடுப்பங்கரையே அதற்கு இடம்.