நான்காவது ஆள்



திருக்குறளில் 'மருந்து' என்ற அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் வைத்தியத்தை நான்காகப் பகுக்கிறார். நோயாளி ஒருவர், வைத்தியர் ஒருவர், மருந்து ஒன்று. இந்த மூன்றோடு அவர் நிறுத்திவிடவில்லை. அருகிலிருந்து மருந்தை எடுத்துக் கொடுப்பவரையும் சேர்த்துத்தான் கணக்கை முடிக்கிறார். இன்றைய உரை அந்த நான்காவது ஆளைப் பற்றியது.

தேயிலைத் தோட்டத்துக்குப் பிழைக்கப் போனவர்களின் துயரத்தைத் 'துன்பக்கேணி' என்று எழுதினார் புதுமைப்பித்தன். அவரே 'செல்லம்மாள்' என்றொரு கதையும் எழுதினார். அதில் வரும் பிரமநாயகம் பிள்ளை ஒரு ஜவுளிக்கடைச் சிப்பந்தி. நாளெல்லாம் கடையில் நின்றுவிட்டு வந்து, நோயில் கிடக்கும் மனைவிக்குப் பணிவிடை செய்கிறார். அன்பைப் பற்றி அவர் பிரசங்கம் செய்வதில்லை, அடுப்பை மூட்டுகிறார். நான்காவது ஆளைத் தமிழ்ச் சிறுகதை இவ்வளவு கிட்ட நின்று பார்த்தது குறைவு.

அந்தக் கதையை எழுதியவரையே காசநோய் கொண்டுபோயிற்று. 1948 இல், மனைவியின் ஊரான திருவனந்தபுரத்தில் அவர் இறந்தபோது வயது 42. அந்த நோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தை அமெரிக்காவில் கண்டுபிடித்து ஐந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

இன்று நிலைமை வேறு. சாதாரணக் காசநோய் ஆறு மாத மருந்தில் குணமாகும். முதல் இரண்டு மாதம் நான்கு வகை மருந்து, அடுத்த நான்கு மாதம் இரண்டு வகை. மருந்தும் பரிசோதனையும் அரசாங்கத்தில் இலவசம். ஆனால் நேயர்களே, நோய் பிடிபட்ட அன்றைக்கு இருக்கும் பயம், சுகமாகி வரும் காலத்தில் இருப்பதில்லை. ஆபத்தும் அங்கேதான்.

சில வாரங்களில் இருமல் தணிகிறது. சோறு பிடிக்கிறது. மலையேறினால் மூச்சு வாங்குவதில்லை. "நல்லாத்தானே இருக்கேன், எதுக்குப் புள்ள மறுபடியும் ஆஸ்பத்திரி?" என்கிறார் கணவர். நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பசறைக்கு வந்து, பஸ் பிடித்துப் பதுளைக்குப் போய்த் திரும்பினால் ஒரு நாள் போய்விடும். அன்று இருவருக்கும் பேர் இல்லை. அவர் கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை.

ஆனால் உடம்பு சொல்வதும் சளி சொல்வதும் ஒன்றல்ல. இரண்டாம் மாத முடிவில் ஒரு சளிப் பரிசோதனை, ஐந்தாம் மாத முடிவில் ஒன்று, ஆறாம் மாதம் மருந்து முடியும்போது ஒன்று. உள்ளே கிருமி அடங்கிவிட்டதா, மருந்துக்கு மசியாமல் நிற்கிறதா என்பதை இவைதான் காட்டும். இடையில் விட்டால் தப்பிய கிருமி அந்த மருந்துக்கே பழகிவிடலாம். பிறகு கடுமையான மருந்து, அதிக காலம்.

இங்கேதான் மனைவிக்கு வேலை. வெறும் எச்சிலால் பயனில்லை. விடியற்காலையில் நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளி வேண்டும். அதை வீட்டுக்குள் வைத்து எடுக்காமல் வெளியில் காற்றோட்டத்தில் நின்று எடுக்கச் செய்ய வேண்டும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போனால் இரத்தமென்று அவர் பயந்துபோவார். அது மருந்தின் நிறம் என்று சொல்ல வேண்டும். கண் மஞ்சளித்தாலோ பார்வை மங்கினாலோ உடனே சிகிச்சை நிலையத்தில் காட்ட வேண்டும். இதற்கெல்லாம் பெரிய படிப்புத் தேவையில்லை. பக்கத்தில் ஓர் ஆள் தேவை.

இன்னொன்று உண்டு. முடிவுக்காக வாங்கில் காத்திருக்கும் அந்த நேரம். பெயர் கூப்பிடும்வரை கணவனும் பேசமாட்டான், மனைவியும் பேசமாட்டாள். அவளுடைய நெஞ்சில் இருக்கும் கேள்வியை அவன் அறிவான். அவனைப் பார்க்காமல் சுவரிலுள்ள கடிகாரத்தைப் பார்ப்பாள். மருந்துச் சீட்டில் இதற்கு இடமில்லை. ஆனாலும் ஒருவரைத் தனியே உட்கார விடாமல் இருப்பதும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான்.

அந்த நான்காவது ஆளும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஒரே லயக் காம்பராவில், ஒரே காற்றை மூச்சாக இழுத்தவள் அவள். "எனக்கு ஒண்ணுமில்லைங்க" என்று பிள்ளைகளை முன்னே தள்ளிவிட்டுத் தான் பின்னுக்கு நிற்பாள். பிள்ளைகளைக் காட்டுவது கட்டாயந்தான். ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு முற்காப்பு மருந்தே உண்டு. ஆனால் அவளும் மார்பைக் காட்டட்டும். சுகமாகி வரும் கணவன் அவளுக்குச் செய்யக்கூடிய கைம்மாறு, "இந்தமுறை நீ போ, நான் கூட வாறேன்" என்று சொல்வதுதான்.

வள்ளுவர் நான்கோடு முடித்துவிட்டார். நமது லயங்களில் ஐந்தாவதாக ஒருவர் உண்டு: பக்கத்துக் காம்பராக்காரர். கிளினிக்குக்குப் போகும் நாளில் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வேளை ரொட்டி சுட்டுக் கொடுங்கள். நோயை ஒரு வசைச் சொல்லாக வாயில் எடுக்காதீர்கள். அவர்கள் ஆறாம் மாதப் பரிசோதனைக்கும் போய் வருவார்கள்.