ஏற மறுக்கும் புதுப்பிப்பு

பிள்ளையின் பாடத்துக்கென்று வாங்கிய பழைய கணினியில் புதுப்பிப்பு ஏற மறுத்தால், 'மீண்டும் முயல்க' என்பதையே அழுத்திக்கொண்டிருப்போம். 2024 ஜனவரி 9ஆம் நாள் மைக்ரோசாப்ட் வெளியிட்ட விண்டோஸ் 10 புதுப்பிப்பு ஒன்று இப்படித்தான் பல நாடுகளிலும் படுத்தியது. 80070643 என்று முடியும் பிழை எண் திரும்பத் திரும்ப வந்தது.

கோளாறு இணையத்தில் இல்லை. கணினி பழுதானால் எழுப்புவதற்கென வட்டில் ஒதுக்கியிருக்கும் மீட்புப் பகுதியில் 250 மெகாபைட் காலியிடம் வேண்டும், அது இல்லை. நிரம்பிய பால்வாளியில் மேலும் ஊற்றினால் நிற்குமா? படங்களை அழித்தும் பயனில்லை. அவை இருப்பது வேறு பகுதி. மீட்புப் பகுதியைத்தான் பெரிதாக்க வேண்டும்.

கடையில் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடலாம் என்றால், உடனே இணங்காமல் அந்த எண்ணைக் காட்டுவோம். எதற்கும் முன்பாக, பிள்ளையின் பாடங்களைப் பென்டிரைவில் படியெடுத்து வைப்போம்.